ஸ்டான்லி 735: பானெட்டுக்குள் கொதிக்கிற சூடு, எதைப் போர்த்துவது?

கேள்வி, ஏப்ரல் 27

"அண்ணா, இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் ஒருவரிடம் 1920 மாடல் ஸ்டான்லி நீராவிக் கார் இருக்கிறது, 735. வார இறுதியில் போய் அவருக்குக் கைவேலை செய்து கொடுக்கிறேன். அரை மணி ஓட்டினாலே பானெட்டில் கை வைக்க முடியவில்லை. பெயின்ட் கொப்புளிக்கிறது. ஓட்டுகிறவரின் காலடிப் பலகையும் சுடுகிறது. பானெட்டின் உள்பக்கம் முழுக்க ஒரு அங்குல செராமிக் ஃபைபர் ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன். 1260 டிகிரி தாங்குமாம். போதும்தானே?"

ஏப்ரல் 27, இரவு

ஒட்டாதீர்கள். பானெட் சூட்டை உண்டாக்கவில்லை, வாங்கிக்கொள்கிறது. அதற்குக் கம்பளி போர்த்தினால் வெளியே போக வழியில்லாமல் சூடு உள்ளேயே சுற்றும். உள்ளேதான் பர்னருக்கு மண்ணெண்ணெய் போகும் எரிபொருள் குழாய், பைலட்டுக்கு (பர்னரைப் பற்றவைக்கிற சின்னத் தீ) போகும் பெட்ரோல் குழாய், பர்னர் காற்று இழுக்கிற வாய் எல்லாம் இருக்கின்றன. பெயின்டைக் காப்பாற்றப் போய் எரிபொருளைக் கொதிக்க வைப்பீர்கள். நாளை விரிவாக எழுதுகிறேன், அதுவரை பசை டப்பாவைத் திறக்க வேண்டாம்.

ஏப்ரல் 28

என்னைப் பற்றி ஒரு வரி. ஈரோடு பக்கம் ஓர் ஆலையில் 31 வருடம் பாய்லர் அட்டெண்டன்டாக இருந்தேன். இப்போது மகள் வீட்டில், மாசசூசெட்ஸில். ஸ்டான்லி சகோதரர்கள் இருவரும் தொழிற்சாலை வைத்திருந்த நியூட்டன் இங்கிருந்து தூரமில்லை. நான்கு தெரு தள்ளி ஒரு பெரியவரிடம் உங்களுடையது போலவே ஒரு 735 இருக்கிறது. மூன்று வருடமாக அதில் என் கையும் படுகிறது.

ஸ்டான்லியின் பானெட்டைத் திறந்தால் என்ஜின் இருக்காது. இரண்டு சிலிண்டர் என்ஜின் பின் அச்சில் படுத்துக் கிடக்கும். முன்னால் நிற்பது பாய்லர்தான்: செங்குத்தான உருளை, அதற்குள் மேலிருந்து கீழாக 700க்கு மேற்பட்ட மெல்லிய புகைக் குழாய்கள், அடியில் பர்னர். 23 அங்குல விட்டம், 14 அங்குல உயரம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே இருக்கும் நீர் 243 டிகிரி செல்சியஸ். 600க்குப் போனால் 254.

பக்கச் சுவரின் பரப்பு சுமார் 0.65 சதுர மீட்டர். ஒன்றும் போர்த்தாமல் விட்டால், கதிர்வீச்சும் காற்றோட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோவாட் போகும். அப்படியானால் பக்கச் சுவர் மட்டும் 3 கிலோவாட்டுக்கு மேல் பானெட்டுக்குள் கொட்டுகிறது. மூன்று இஸ்திரிப் பெட்டியை ஒன்றாகப் போட்டு மூடி வைத்த மாதிரி. அதே சுவருக்கு நல்ல காப்பு 50 மில்லிமீட்டர் போட்டால் 200 வாட்டுக்குள் அடங்கிவிடும். பெயின்ட் ஏன் கொப்புளிக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. சூடாக இருக்கிற பொருளைப் போர்த்துங்கள், சூடாகிற பொருளுக்குக் காற்று விடுங்கள்.

நீராவிக் குழாய்களுக்கு, மோட்டார் சைக்கிள் சைலன்ஸருக்குச் சுற்றுகிற கிளாஸ் ஃபைபர் நாடாவை இறுக்கமாகச் சுற்றிவிடலாம். (இதைத் திருத்தியிருக்கிறேன். ஜூன் 16 குறிப்பைப் படிக்காமல் செய்ய வேண்டாம்.)

மே 5

தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தகர உறைக்கு அடியில், பாய்லரை ஒட்டி, சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் பொரிந்து கிடக்கிறதே, அதைச் சுரண்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். இன்றே நிறுத்துங்கள்.

அந்தக் காலத்தில் பாய்லருக்குப் போட்டது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அட்டையாகவோ, கயிறாகவோ, அல்லது "85 சதவீத மெக்னீசியா" என்று சொல்வார்களே, அந்தக் கட்டியாகவோ இருக்கும். மெக்னீசியா என்ற பெயரைக் கேட்டால் மருந்துக்கடைப் பொருள் மாதிரி இருக்கும். மீதி 15 சதவீதத்தில்தான் விஷயம். அந்த மாவு கலையாமல் பிடித்து வைத்திருந்தது கல்நார் இழை. பழைய வண்டியில் வெள்ளையாக, நாராக, பொரிந்து கிடக்கிற எதையும் சோதனை முடிவு வரும்வரை கல்நார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆலையில் நான் சேர்ந்த புதிதில் லேகிங் (பாய்லருக்கும் குழாய்க்கும் பூசுகிற சூட்டுக் காப்பு) கலவையை நாங்களே கையால் பிசைவோம். கோணியிலிருந்து மாவைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, இட்லி மாவு கரைக்கிற மாதிரி முழங்கை வரைக்கும் விட்டுக் கரைப்பது. கொட்டும்போது எழும் தூசி வெயிலில் மினுக்கும், பார்க்க அழகாக இருக்கும். என்னோடு பிசைந்தவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், நன்றாகத் தெம்மாங்கு பாடுவார். ஓய்வு பெற்று ஐந்தாறு வருடத்தில் மாடிப்படி ஏற முடியாமல் போனது. கடைசியாக நான் பார்த்தபோது உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார், படுத்தால் மூச்சு வராது. மெசோதீலியோமா, கல்நாரால் நுரையீரல் உறையில் வருகிற புற்றுநோய், என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை அவர் மகன் என்னிடம் காட்டினான். இழை உள்ளே போன நாளுக்கும் நோய் தலைகாட்டும் நாளுக்கும் இடையில் 20, 30, 40 வருடம் ஆகும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு 28 வயது என்றீர்கள்.

மே 6

முகத்துணி போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. மருந்துக்கடையில் கிடைக்கிற எதுவும் போதாது. சுரண்டிய இடத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வீட்டு வாக்குவம் போடாதீர்கள், அது பின்பக்கமாக இழையைத் துப்பும். கதவை மூடிவிட்டு வாருங்கள். போட்டிருந்த சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். இங்கிலாந்தில் கல்நார் 1999இல் முழுதாகத் தடையானது. அதை அகற்றுவதற்கென்றே உரிமம் பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். மாதிரி எடுத்துச் சோதிப்பதையும் அதற்கென்று இருப்பவர்களிடமே விடுங்கள். வண்டிக்காரர் செலவுக்கு யோசித்தால் என் மே 5 குறிப்பை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

மே 19

சோதனை முடிவு கல்நார் என்றே வந்ததாம். ஆட்கள் வந்து கூடாரம் கட்டி எடுத்துப் போய்விட்டார்களாம். மனபாரம் இறங்கியது.

இனி புதுக் காப்பு. செராமிக் ஃபைபர் 1260 தாங்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் சுவர் 250தான். 1260 தாங்குகிற பொருளுக்கு இங்கே வேலையே இல்லை. அதன் இழையும் நுரையீரலுக்கு நல்லதில்லை, புற்றுநோய் தரக்கூடும் என்ற வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஒரு பேயை விரட்டி இன்னொரு பேயைக் குடிவைக்க வேண்டாம். ராக் ஊல் (பாறையை உருக்கி இழைத்த கம்பளி) போதும். பர்னரை ஒட்டிய அடிவட்டத்துக்கு மட்டும், உடம்பில் கரைந்துவிடக்கூடிய கார மண் சிலிக்கேட் கம்பளி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கிளாஸ் ஊல் வேண்டாம். சூட்டுக்காக இல்லை, குலுக்கலுக்காக. ஆலையில் பாய்லர் ஓரிடத்தில் நிற்கும். இது கல்லிலும் குழியிலும் ஓடுகிற பாய்லர். ஒரு சீசன் ஓடினால் கிளாஸ் ஊல் சரிந்து கீழே மூட்டையாக உட்கார்ந்துவிடும், மேல்பாதி மொட்டையாக நிற்கும்.

இங்கே பெரியவரின் வண்டிக்கு நாங்கள் செய்தது மெத்தை. பாய்லரைச் சுற்றி ஆறு துண்டு, ஒவ்வொன்றும் 50 மில்லிமீட்டர் கனம். வெளித்துணி சிலிக்கோன் பூசிய கிளாஸ் துணி, பாய்லரைத் தொடுகிற பக்கம் பூச்சில்லாத கிளாஸ் துணி. ஏனென்றால் சிலிக்கோன் பூச்சு 260 டிகிரியோடு சரி, பாய்லர் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தைத்தது கோணி ஊசியால். நூலுக்குப் பதில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பி. இலவம்பஞ்சு மெத்தைக்குக் குத்துத் தையல் போடுவார்களே, அதே மாதிரி நான்கு அங்குலத்துக்கு ஒரு குத்து, உள்ளே கம்பளி நகராமல் இருக்க. ஓரத்தில் கொக்கி வைத்து ஷூ லேஸ் மாதிரி கம்பி கோத்து இழுத்துக் கட்டினோம். பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். இந்தக் கழற்றுகிற வசதிதான் முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகடு.

மூடவே கூடாதவை: சேஃப்டி வால்வு, நீர்மட்டக் கண்ணாடியின் இணைப்புகள், நீர்மட்டம் சோதிக்கிற சின்னக் குழாய்கள், புளோ டவுன் வால்வு (கசடோடு நீரை வெளியேற்றுவது), உருகு பிளக் (நீர் குறைந்து சூடேறினால் உருகி எச்சரிப்பது). இவை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கசிந்தால் கசிந்த நிமிடமே தெரிய வேண்டும்.

ஜூன் 2

முதல் நெடு ஓட்டம், 40 மைல். வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் பாய்லர் உறையை அடித்தேன். 38 டிகிரி! 50 மில்லிமீட்டர் மெத்தைக்கு இவ்வளவு பலன் வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 3

38 தப்பு. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. பளபளப்பான அலுமினியத்தை அந்தத் துப்பாக்கியால் அளந்தால் அது தகட்டின் சூட்டைக் காட்டாது. எதிரில் இருப்பதெல்லாம் தகட்டில் பிரதிபலிக்கும், அதையே படித்துச் சொல்லும். காலையில் பெரியவரை எழுப்பி மறுபடி ஆவி ஏற்றி, தகட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது சூடேற விட்டு, டேப்பின் மேல் அளந்தேன். 71.

அப்படியும் நல்ல பலன்தான். கணக்குப் போட்டாலும் எழுபதை ஒட்டித்தான் வருகிறது. அலுமினியம் கதிர்வீச்சைக் குறைவாக விடுவதால் தொட்டால் சற்று அதிகம் சுடும், ஆனால் எதிரில் இருக்கும் பானெட்டுக்குப் போகிற சூடு குறைவு. கை சொல்வது ஒன்று, பானெட் உணர்வது வேறு. தம்பி, நீங்கள் அனுப்பிய 34 டிகிரி படத்திலும் பளபளக்கிற தகடுதான் தெரிகிறது. டேப் ஒட்டி அளந்து பாருங்கள்.

ஜூன் 16

ஏப்ரல் 28இல் குழாய்க்கு நாடா சுற்றச் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு ஏழெட்டு மைல் தாண்டியதும் ஒரு வாடை. எரிகிற மண்ணெண்ணெய் வாடை இல்லை, அடுப்பில் கருகிய நல்லெண்ணெய்ச் சட்டி மாதிரி கனமான வாடை. பெரியவர் சிலிண்டர் எண்ணெய் வாடைதான், எப்போதும் வருவது என்றார். எனக்குச் சரியாகப் படவில்லை. ஓரங்கட்டச் சொல்லிக் கீழே குனிந்து பார்த்தால், என்ஜினுக்குப் போகிற நீராவிக் குழாயில் ஒரு ஃபிளாஞ்சுக்கு (போல்ட் போட்டு இணைக்கிற வட்ட விளிம்பு) பக்கத்தில் நாடா கறுத்து ஈரமாக இருந்தது, அதிலிருந்து நீலப் புகை நூல்போல எழுந்துகொண்டிருந்தது. என் கையால் சுற்றிய நாடா.

நடந்தது இதுதான். ஸ்டான்லியில் என்ஜினுக்கான எண்ணெயைப் பம்ப் ஒன்று நீராவியோடு கலந்தே அனுப்பும். கேஸ்கட் துளி தளர்ந்தால் நீராவியோடு எண்ணெயும் கசியும். குழாய் வெறுமையாக இருந்தால் கசிந்த எண்ணெய் சொட்டிப் போய்விடும், ஆவியாகிக் காற்றில் கலைந்துவிடும். நாடா இருந்தால் அது திரிபோல உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான இழைகளின் மேல் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவும், காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும், உண்டாகிற சூடு வெளியே போகாது. சாதாரணமாகப் பற்றிக்கொள்ளாத சூட்டிலேயே அது தானாகக் கனல ஆரம்பிக்கும். ஆலையில் டர்பைன் பக்கம் இதற்கு லேகிங் தீ என்றே பெயர் உண்டு. தெரிந்த விஷயம், ஆனால் இவ்வளவு சின்ன வண்டியில் நான் அதை நினைக்கவில்லை.

மண்ணெண்ணெய் தானாகப் பற்றும் சூடு சுமார் 210 டிகிரி, பெட்ரோலைவிடக் குறைவு. சூப்பர்ஹீட்டரை (நீராவியை மேலும் சூடாக்குகிற குழாய்) தாண்டி வருகிற குழாய் அதைவிட எவ்வளவோ மேலே இருக்கும். எரிபொருள் குழாய்க்கு அருகில் இருக்கிற காப்பு எதுவானாலும், எண்ணெய் உறிஞ்சாத உறையோடு மட்டுமே இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வண்டியில்: குழாயின் நேர்ப்பகுதிக்கு ராக் ஊல் அரைவட்டக் கட்டி, மேலே தகரக் குழல், குழலின் இரண்டு முனையும் மூடியது. ஒவ்வொரு ஃபிளாஞ்சுக்கும் இரு பக்கமும் ஒரு சாண் மொட்டையாக விட்டிருக்கிறது. எண்ணெய் பட்ட எந்தக் காப்பையும் காயவைத்து மறுபடி போடாமல் தூக்கி எறிகிறோம்.

ஜூன் 17

எழுதிய பிறகு நேற்று முழுக்க மனசு அதிலேயே இருந்தது. தம்பி ஏப்ரல் குறிப்பைப் படித்து ஏற்கெனவே சுற்றியிருந்தால் என்ன ஆவது என்று. இன்று காலை பதில் வந்தது, சுற்றவில்லை, கல்நார் வேலையில் நேரம் போய்விட்டது என்று. அந்த ஏப்ரல் குறிப்பில் அடைப்புக்குறிக்குள் எச்சரிக்கை போட்டுவிட்டேன்.

ஜூலை 7

காலடிப் பலகை பற்றி. பர்னரின் புகை குழாய்கள் வழியே மேலே வந்து, மூடிக்குள் சேர்ந்து, பாய்லருக்கும் டேஷ் பலகைக்கும் நடுவில் இறங்கி வண்டிக்கு அடியில் வெளியேறும். காலில் படுகிற சூடு இந்தப் புகைப்பாதையுடையது, பாய்லர் சுவருடையது அல்ல. நானும் முதலில் பாய்லர் மெத்தை போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆகவில்லை.

இங்கே கம்பளியைவிட இடைவெளிதான் வேலை செய்தது. புகைப்பாதைக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் அரை அங்குலம் காற்று, மேலும் கீழும் திறப்பு. காற்று கீழிருந்து ஏறித் தகட்டின் சூட்டைக் கூட்டிப் போகிறது. தகடு பளபளப்பாக இருக்கும் வரை கதிர்வீச்சைத் திருப்பி அடிக்கும், புகை படிந்து கறுத்தால் பாதி பலன் போச்சு. மாதம் ஒருமுறை துடைக்கிறேன். பானெட்டின் உள்பக்கம் பாய்லருக்கு நேராகவும் இதே மாதிரி சின்னத் தகடு ஒன்று, அவ்வளவுதான். பானெட்டின் காற்றுத் துளைகளை எதுவும் மறைக்கவில்லை. பர்னருக்குக் காற்று குறைந்தால் உடனே உறும ஆரம்பிக்கும், அந்த ஊளைச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் துளையை அடைக்க மாட்டார்கள்.

சிலர் ஒயிட் (White) நிறுவனத்தின் நீராவி வண்டிகளில் இந்தத் தொல்லை உண்டா என்று கேட்டிருந்தார்கள். 1909இல் அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் வாங்கிய நீராவி வண்டி அந்த கிளீவ்லாண்டு ஒயிட்தான். அது வேறு சாதி. பெரிய நீர்க்குடம் கிடையாது, சுருள் சுருளான குழாய். நீர் மேலே நுழைந்து கீழே தீக்குப் பக்கத்தில் நீராவியாக வெளிவரும். நீர் கொஞ்சம் என்பதால் சேமித்து வைத்த சூடும் கொஞ்சம், நின்றால் சீக்கிரம் ஆறிவிடும். அங்கே காப்பு போடுவது தீப்பெட்டியின் உறைக்கு. நான் தொட்டு வேலை செய்தது ஸ்டான்லியில்தான், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 11

நான் கவனிக்காமல் விட்ட பெரிய விஷயம் ஒன்று.

இரவு 9 மணிக்கு 500 பவுண்டில் நிறுத்தி, பைலட் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, காலை 7 மணிக்கு அழுத்தம் பார்ப்பது எங்கள் வழக்கம். பழைய காப்போடு முள் பூஜ்யத்தில் கிடக்கும். புது மெத்தை போட்ட பிறகு 20 பவுண்டு. மெத்தைக்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றம்.

பேத்திக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது தோன்றியது. டம்ளரின் வெளிச்சுவர் அல்ல, ஆற்றும்போது காற்றுபடுகிற பாலின் மேல்பரப்புதான் சூட்டைக் கொடுக்கிறது. பாய்லரின் பக்கச் சுவர் 0.65 சதுர மீட்டர், சரி. உள்ளே இருக்கிற 700க்கு மேற்பட்ட குழாய்களின் பரப்பு? சுமார் 100 சதுர அடி, அதாவது 9 சதுர மீட்டருக்கு மேல். பர்னர் அணைந்தாலும் குழாய்கள் சூடாக இருக்கின்றன, அதனால் அடியிலிருந்து குளிர்ந்த காற்று அவற்றின் வழியே இழுபடும், புகைப்பாதை வழியே வெளியேறும். ராத்திரி முழுக்க நம் பாய்லர் தெருவைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

மிச்சமிருந்த கம்பளியில் ஒரு தலையணை தைத்து, எல்லாம் அணைந்து ஆறிய பிறகு, புகைப்பாதையின் வெளிவாயில் செருகினேன். காலையில் முள் 110இல் நின்றது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இன்னொரு லாபமும் உண்டு. முழுக்க ஆறினால் பாய்லருக்குள் வெற்றிடம் உண்டாகி, தொட்டியிலிருந்து தண்ணீரை பம்ப் வழியே இழுத்து நிரப்பிக்கொள்ளும், காலையில் வடித்துவிட வேண்டியிருக்கும். அழுத்தம் மிச்சமிருந்தால் அந்த வேலை இல்லை.

ஆகஸ்ட் 12

தலையணையைப் பற்றி அவசரமாக. பைலட் எரிகிறபோது ஒருபோதும் செருகாதீர்கள். புகை போக வழியில்லாமல் விஷவாயு கொட்டகையில் நிரம்பும். அதைச் செருகியபடியே பர்னரைப் பற்றவைத்தால் தீ முன்பக்கமாகத் திரும்பும். எங்கள் தலையணையில் மூன்றடிச் சிவப்பு நாடா தைத்திருக்கிறேன், மறுமுனை ஸ்டீயரிங்கில் கட்டியிருக்கும். அதை அவிழ்க்காமல் யாரும் வண்டியில் உட்கார முடியாது.

செப்டம்பர் 22

கழற்றுகிற வசதி ஏன் முக்கியம் என்று மே மாதத்தில் சொல்லாமல் விட்டேன். இன்று சொல்கிறேன்.

மூன்று வாரம் மழை, வண்டி கொட்டகையிலேயே நின்றது. வழக்கமாக மாதம் ஒருமுறை ஆறு மெத்தையையும் அவிழ்த்துப் பார்ப்போம். ஐந்து காய்ந்திருந்தது. ஆறாவது, புளோ டவுன் குழாய்க்கு மேலே இருப்பது, தூக்கும்போதே கனத்தது. பிழிந்தால் தண்ணீர். அதற்குப் பின்னால் பாய்லரின் அடி ஓரத்தில், கட்டை விரல் அகலத்துக்கு, செம்மண் நிறத்தில் துரு. சுரண்டினேன், இன்னும் மேல்தோலில்தான் இருக்கிறது, பள்ளம் விழவில்லை.

ஓடுகிற பாய்லரில் 240 டிகிரியில் ஈரம் தங்காது. அது ஆறி, வெதுவெதுப்பாக நிற்கிற நாட்களில்தான் ஈரக் கம்பளி இரும்பைத் தின்னும். அருங்காட்சியகத்தில் நிற்கிற வண்டிக்கும் எப்போதாவது ஓடுகிற நம் வண்டிக்கும் இதுதான் எமன். அந்த மெத்தையின் இடத்தில் தகரத்தை நிரந்தரமாக ரிவிட் அடித்திருந்தால் அடுத்த நீரழுத்தச் சோதனை வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

கசிவு எங்கே என்று தேட ஒன்றரை நாள் ஆனது. குளிர்ந்த பாய்லரில் தெரியவில்லை, 100 பவுண்டு ஏற்றியதும் தெரிந்தது: ஒரு நிப்பிளின் (மரை போட்ட சின்ன இணைப்புக் குழாய்) கழுத்தில், வியர்வைத் துளி மாதிரி, துடைத்தால் மறைந்து மெதுவாகத் திரும்ப வரும். நிப்பிள் மாற்றியாகிவிட்டது. ஆறாவது மெத்தையின் கீழ் ஓரத்தை இரண்டு அங்குலம் வெட்டிக் குறைத்து மறுபடி தைத்தேன், அந்தக் கழுத்து இனி வெளியே தெரியும்.

தம்பி, உங்கள் வண்டியில் அதே இடத்தை இந்த வாரமே பாருங்கள். பார்த்துவிட்டுப் படம் அனுப்புங்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள், அப்போதுதான் ஈரம் மினுக்கும்.